சம்பளக் கணக்கில் சத்தமில்லாமல் நுழையும் பிழைகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாறிய எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி இன்றும் செம்பனைதான். 1917இல் நாட்டிலேயே வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டமும் அருகில்தான் இருக்கிறது. இவ்வட்டாரத் தோட்டங்களுக்கான சம்பளக் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பது என் பணி. குலை வெட்டுபவருக்கு எடையை வைத்தே கூலி என்பதால், தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பான ஸ்டோர்டு புரொசீஜர் தரும் எடை, சி ஷார்ப் மொழியில் எழுதிய நிரலின் ஆப்ஜெக்டில் (ஒரு வரியின் விவரங்களை ஏந்தும் தரவுப் பொருளில்) அப்படியே வந்து சேர்கிறதா என்பது எங்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி அன்று.

நிரலை நிறுத்திவிடும் பிழைகளைப் பற்றி நான் அதிகம் அஞ்சுவதில்லை. ஆப்ஜெக்டின் அச்சான கிளாஸ் எதிர்பார்க்கும் நெடுவரிசை, புரொசீஜரின் விடையில் இல்லையென்றால், தரவுத்தள வரிகளை ஆப்ஜெக்டுகளாக மாற்றித் தரும் எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்ற நூலகம் அதன் பெயரைச் சொல்லியே நின்றுவிடும். வரிசை எண்ணுக்காக ரோ நம்பர் என்ற செயற்கூறைப் பயன்படுத்தினால் அது பிக் இன்ட் என்ற பெரிய முழு எண் வகையில் வரும். கிளாஸில் இன்ட் என்ற சிறிய முழு எண் வகையை எழுதியிருந்தால் வகை மாற்ற முடியவில்லை என்ற செய்தி உடனே கிடைக்கும். இரு அட்டவணைகளை இணைக்கும் லெஃப்ட் ஜாயினில், பொருந்தாத வரிகளில் மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் நல் (null) வருவதும் இப்படித்தான் தெரிந்துவிடும். இவையெல்லாம் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடுபவை.

அஞ்ச வேண்டியது பேசாமல் இருந்துவிடும் பிழைக்குத்தான். ஒரு தோட்டத்தின் கிராணி (எழுத்தர்), எடைச் சீட்டுகளையும் எங்கள் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மூனு சீட்டும் எப்படி ஒரே எடையா இருக்கும்?" என்று கேட்டார். சீட்டுகளில் 420, 385, 510 கிலோ என்றிருந்தது. அறிக்கையிலோ மூன்று வரியிலும் 420. மொத்தம் 1,315க்குப் பதில் 1,260. அதே அளவுருக்களைக் கொடுத்து தரவுத்தளத்தை நேரடியாக இயக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் புரொசீஜரை ஓட்டியபோது மூன்று எடைகளும் சரியாகவே வந்தன. ஆகவே கோளாறு தரவுத்தளத்தைத் தாண்டிய பிறகே நேர்ந்திருக்க வேண்டும். கிளாஸுக்குத் தொழிலாளர் எண்ணைக் கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக, வைத்திருந்தார்கள். ஒரே கீ உள்ள வரி மறுபடி வரும்போது, எண்டிட்டி ஃபிரேம்வொர்க் தான் கண்காணித்துவரும் முதல் ஆப்ஜெக்டையே திரும்பத் தருகிறது. புதிய வரியின் எடையை அதில் எழுதுவதில்லை. விடையில் வரிகளின் எண்ணிக்கை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. கோர் 3.0 முதல் உள்ள ஹேஸ் நோ கீ வசதியைக் கொண்டு அந்த கிளாஸைக் கீ இல்லாததாக அறிவித்ததும் மூன்று எடைகளும் தனித்தனியே வந்தன. சீட்டு எண்ணைக் கீயாக வைத்திருந்தாலும் சரியாகியிருக்கும். விடுபட்ட எடைக்கான கூலி பிறகு நிலுவையாகச் சேர்க்கப்பட்டது.

அதே வேலையைச் செய்யும் டேப்பர் என்ற இன்னொரு நூலகத்தில் வேறு வகையான ஆபத்து உண்டு. பொருந்தாத நெடுவரிசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. புரொசீஜர் பெயரின் சொற்களுக்கிடையே அடிக்கோடு (_) இட்டுத் தந்து, கிளாஸ் அடிக்கோடில்லாமல் எழுதப்பட்டிருந்தால், அதற்கான அமைப்பை நாமே இயக்காதவரை இரண்டையும் ஒன்றாகக் கருதாது. எடை பூஜ்ஜியமாகவே நிற்கும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). எடைக்கூலி அதை எட்டாவிட்டால் ஈடுசெய்யும் தொகையையும் எங்கள் மென்பொருளே கணக்கிடுகிறது. எடை பூஜ்ஜியமானால் ஈடுதொகை ஏறி, மொத்தச் சம்பளம் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். 1,700க்கு மேல் உழைத்துச் சம்பாதித்தவரின் பணம் அதற்குள் மறைந்துபோகும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

எனவே புரொசீஜர் உண்மையில் எதைத் தருகிறது என்பதை முதலில் தரவுத்தளத்திடமே கேட்கிறோம். எங்கள் தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரின் 2012 பதிப்பில் வந்த எஸ்.பி. டிஸ்கிரைப் ஃபர்ஸ்ட் ரிசல்ட் செட் என்ற கட்டளை, நெடுவரிசைகளின் பெயர், வகை, நல் வருமா என்பது வரை பட்டியலிடும். புரொசீஜருக்குள் தற்காலிக அட்டவணை இருந்தால் அந்தக் கட்டளையால் விடையின் வடிவத்தைக் கணிக்க இயலாது. அத்தகைய இடங்களில், அதே பதிப்பில் வந்த வித் ரிசல்ட் செட்ஸ் வரியைச் சேர்த்து, பெயரையும் வகையையும் அழைக்கும் இடத்திலேயே எழுதிவிடுகிறோம். நெடுவரிசைகளின் எண்ணிக்கை மாறினால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும்.