இணைப்பு ஒன்றுதான், பயனர் எத்தனை பேர்?

நிறுவனங்களின் ஈஆர்பி அமைப்புகளோடு, அதாவது விற்பனை, கொள்முதல், நிதி எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கும் மென்பொருளோடு, வலைத்தளங்களை இணைத்துத் தரும் வேலையில் இருப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. முகவர்கள் ஆர்டர் போடும் தளமானாலும், வாடிக்கையாளர்கள் தம் பில்லைப் பார்க்கும் தளமானாலும், அதற்கென்று ஈஆர்பியில் ஒரே ஒரு பயனர் கணக்கைத் திறந்து, வருகிற கோரிக்கைகள் அத்தனையையும் அதன் வழியாகவே உள்ளே அனுப்புவோம். பராமரிப்புக்கு அது வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈஆர்பியை விற்பவருக்கு எத்தனை பயனருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற உரிமக் கணக்காகவும் அதையே எடுத்துக்கொண்டு, "ஒரு கணக்குத்தானே, ஒரு உரிமம் போதும்" என்று திட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். லண்டன் உயர் நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் எஸ்ஏபி – டியாஜியோ வழக்கில் அளித்த தீர்ப்பைப் படித்த பிறகுதான் அந்த வரியை எழுதுவதை நிறுத்தினேன்.

டியாஜியோ ஒரு பெரிய மதுபான நிறுவனம். 2004ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஈஆர்பியைப் பயன்படுத்தி வந்தது. அதன் வாடிக்கையாளர்கள் முன்பு தொலைபேசியில் அழைத்து ஆர்டர் சொல்வார்கள். அழைப்பு மையத்தில் இருக்கும் ஊழியர் அதை எஸ்ஏபிக்குள் பதிவு செய்வார். அந்த ஊழியருக்கு உரிமம் இருந்தது. பிறகு டியாஜியோ, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் தளத்தின் மேல் இரண்டு புதிய அமைப்புகளைக் கட்டியது. ஒன்று விற்பனைப் பிரதிநிதிகளுக்கானது. மற்றொன்று கனெக்ட் என்ற பெயருடையது. அதன் வழியாக ஏறத்தாழ 5,800 வாடிக்கையாளர்கள் தாங்களே வலைத்தளத்தில் ஆர்டர் போடத் தொடங்கினார்கள். இரண்டும் எஸ்ஏபியின் இணைப்பு மென்பொருள் வழியாகவே ஈஆர்பியோடு பேசின. கூடுதல் உரிமக் கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் சேர்த்து சுமார் 5.45 கோடி பவுண்டு வேண்டும் என்று எஸ்ஏபி வழக்குத் தொடுத்தது.

டியாஜியோவின் வாதம் நம் திட்ட அறிக்கை வரியை ஒத்ததுதான். இணைப்பு மென்பொருளுக்குத் தனியாகக் காசு கொடுத்து உரிமம் வாங்கியிருக்கிறோம். வெளியிலிருந்து வருபவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். ஆகவே வாசலுக்குக் கொடுத்த கட்டணத்திலேயே உள்ளே வருவதும் அடங்கிவிட்டது என்றது. நீதிபதி இதை ஏற்கவில்லை. வாசலுக்கு வாங்கிய உரிமம் வாசலுக்கு மட்டுமே என்றும், கனெக்ட் வழியாக ஆர்டர் போடும் வாடிக்கையாளரும், மற்ற அமைப்பைப் பயன்படுத்தும் பிரதிநிதியும் ஈஆர்பியை மறைமுகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் தீர்ப்பளித்தார். எவ்வளவு கட்டணம் என்பது அந்தத் தீர்ப்பில் முடிவாகவில்லை. பொறுப்பு யாருடையது என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும் நண்பர்களில் பெரும்பாலோர், 2004இல் எழுதிய ஒப்பந்தத்தை வைத்து 2012இன் இணையத்தை அளப்பது அநியாயம் என்று கோபப்படுகிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தன் சொந்த ஆர்டரைத் தானே தட்டச்சு செய்யும் வாடிக்கையாளரால் விற்பவருக்குக் கூடுதலாக என்ன செலவு வந்துவிட்டது என்ற கேள்வி இன்றும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் ஒப்பந்தத்தின் சொற்களைப் பார்த்தபோது கோபத்தின் பெரும்பகுதி இறங்கிவிட்டது. பயனர் என்பவர் யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே ஊழியர், முகவர், வாடிக்கையாளரின் பிரதிநிதி என்று பலரும் சொல்லப்பட்டிருக்கிறார்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ, இணையத்தின் வழியாகவோ கையடக்கக் கருவி வழியாகவோ அணுகினாலும் பயனரே என்றும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். கட்டியவர்கள்தான் அதை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மற்ற விற்பனையாளர்களும் பெயரை மாற்றி இதையேதான் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சேவையகத்தை வைத்துப் பல பேரின் கோரிக்கைகளை ஒரே இணைப்பில் சேர்த்து அனுப்புவதை ஆரக்கிளும் மைக்ரோசாஃப்டும் மல்டிபிளெக்சிங் என்கின்றன. அப்படிச் செய்வதால் உரிம எண்ணிக்கை குறையாது. எண்ண வேண்டியது தளத்தின் முன்பக்கத்தில் இருக்கும் ஆட்களை. பொதுமக்கள் வந்து போகும் தளத்தில் ஆட்களை எண்ணவே முடியாது என்பதால், ஆரக்கிள் தரவுத்தளத்தில் சேவையகத்தின் ப்ராசசர் கணக்கிலும், மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து ப்ராசசருக்குள் இருக்கும் கோர்களின் கணக்கிலும் உரிமம் வாங்குவதே பொருந்தும்.

எஸ்ஏபி 2018 ஏப்ரலில் புதிய முறை ஒன்றை அறிவித்தது. வெளி அமைப்புகள் வழியாக வருபவர்களை எண்ணாமல், அவர்களால் உள்ளே உருவாகும் ஆவணங்களை எண்ணுவது அந்த முறை. விற்பனை, கொள்முதல், பில் என்று ஒன்பது வகை ஆவணங்கள் உண்டு; அவற்றில் பொருள் இருப்பு ஆவணமும் நிதி ஆவணமும் மட்டும் ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 0.2 என்று கணக்கில் வரும். படிப்பதற்கும் திருத்துவதற்கும் கட்டணமில்லை, முதன்முதலில் உருவாக்குவதற்கு மட்டுமே கட்டணம். முன்னைய முறையைவிட இது தெளிவானது என்பேன், மலிவானது என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் விற்பனை ஆவணத்தில் ஒவ்வொரு பொருளுக்கான பதிவும் தனித்தனியே எண்ணப்படும். பத்துப் பொருள்கள் உள்ள ஓர் ஆர்டர் பத்தாகக் கணக்காகும்.

அண்மையில் ஒரு முகவர் தளத்திற்கான வடிவமைப்பு வரைபடத்தோடு ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்தபோது இந்த எண்ணும் முறையை அறிந்திருந்ததுதான் உதவியது. ஒப்பந்தத்தைக் கேட்டேன்; தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு பிரதிகூட இல்லை. இரண்டு நாள் கழித்துக் கொள்முதல் பிரிவின் கோப்பிலிருந்து, இடையில் சேர்ந்த திருத்தங்களோடு வந்தது. அவர்கள் ஏற்கனவே ஆவணக் கணக்கு முறைக்கு மாறியிருந்தார்கள். இருப்பையும் விலையையும் படித்துக் காட்டுவதில் சிக்கலில்லை. சிக்கல், வாங்க நினைக்கும் பொருள்களைச் சேர்த்து வைக்கும் கூடையில் இருந்தது. முகவர் ஒரு பொருளைக் கூடையில் போட்டவுடன், அவருக்குரிய தள்ளுபடி விலையைத் தெரிந்துகொள்வதற்காக ஈஆர்பியில் ஒரு விலை மேற்கோள் (கொட்டேஷன்) உருவாகும்படி வரைந்திருந்தோம். மேற்கோளும் விற்பனை ஆவணத்தில் சேர்த்தி. பிறகு அழித்தாலும் எண்ணிக்கை திரும்பி வராது. விலை விசாரித்துவிட்டு வாங்காமல் போகும் முகவர்கள்தான் அதிகம் என்று விற்பனைப் பிரிவினர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

கூடையைத் தளத்தின் சொந்தத் தரவுத்தளத்திற்கு நகர்த்தினோம். தள்ளுபடி விதிகளை இரவுதோறும் அங்கே படியெடுத்து வைத்துவிட்டு, முகவர் ஆர்டரை உறுதி செய்த பிறகே ஈஆர்பியைத் தொடும்படி வரைபடத்தைத் திருத்தினோம். எங்கள் அட்டவணையில் இதற்குக் கூடுதலாகப் போனது நான்கு நாள்.