பிச்சாவரம் போனா டவர்ல ஏறாதீங்க, துடுப்பு போட்ல குனிஞ்சு உக்காருங்க

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு எப்படி போறது, எவ்ளோ ஆகும், எங்க சாப்பிடறதுன்னு வரிசையா எழுதணும்னு தான் உக்காந்தேன். ஆனா அந்த ஆட்டோக்காரர் மேல இருக்குற கடுப்பு இன்னும் எறங்கல, அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட்ல கால வெச்ச ஒடனே வந்துட்டாரு. "பிச்சாவரம் தானே சார், இப்ப பஸ்ஸே கெடையாது, வாங்க"ன்னாரு. எவ்ளோண்ணான்னு கேட்டா 700, வெயிட்டிங் சார்ஜ் தனியாம். தூரம் என்ன, ஒரு 15 கிலோமீட்டர் இருக்கும். அவரு முதுகுக்கு பின்னாடியே கிள்ளை வழியா போற பஸ் நிக்குது, கண்டக்டர் டீ குடிச்சிட்டு இருக்காரு, இவரு நம்ம மூஞ்சப் பாத்து பஸ்ஸே இல்லைங்கறாரு! பஸ்ஸ கைய காட்டினா "அது சுத்திட்டு போவும் சார், நீங்க போறதுக்குள்ள போட்ட மூடிருவான்"னு அடுத்த பொய். நாங்க ஒண்ணும் சொல்லாம போயி பஸ்ல ஏறிட்டோம், மொத்த பட்ஜெட்டே அவரு கேட்ட காசு மாதிரி ரெண்டு மடங்கு தான் வெச்சிருந்தோம், அதுல பாதிய ஆட்டோலயே விட்டா அப்புறம் போட்டுக்கு எங்க போறது.

பஸ் சொகமா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. ஜன்னல் ஷட்டர் பாதியில மாட்டிக்கிட்டு மேலயும் போகல கீழயும் வரல, மீன் வித்துட்டு திரும்பி வர்ற அக்காங்களோட காலி அன்னக்கூடை எல்லாம் எங்க கால் மேல. ஆனா டிக்கெட் காச நெனச்சா அந்த வாசனையே மணக்குது.

சரி, விஷயத்துக்கு வரேன். போட் ஹவுஸ்ல எறங்கினா எல்லாரும் மொதல்ல போறது காட்ட மேலேருந்து பாக்குற வாட்ச் டவருக்கு தான். நாங்களும் ஏறினோம். மேலேருந்து என்ன தெரியுதுன்னா, பச்ச. இந்தப் பக்கமும் பச்ச, அந்தப் பக்கமும் பச்ச, நடுவுல காபி கலர்ல தண்ணி, தூரத்துல கடல் இருக்குற மாதிரி ஒரு கோடு. பக்கத்துல ஒரு குடும்பம், அந்தப் பொண்ணு "இவ்ளோதானாப்பா?"ன்னு கேட்டுச்சு, அவங்கப்பா கிட்ட பதில் இல்ல. எனக்கு அந்தப் பொண்ணு மேல தப்பே தெரியல. 1100 ஹெக்டேர் காட்ட மேலேருந்து பாத்தா மரத்தோட உச்சி மட்டும் தான் தெரியும், இந்தக் காட்டுல உச்சியில ஒண்ணுமே கெடையாதுங்க, எல்லாமே அடியில தான் இருக்கு.

அடுத்து போட். மோட்டார் போட்டும் இருக்கு, துடுப்பு போட்டும் இருக்கு. மோட்டார்ல போனா பெரிய வாய்க்கால்லயே ஒரு ரவுண்டு அடிச்சு கொண்டாந்து விட்ருவாங்க, சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்காது, குறுகலான வாய்க்காலுக்குள்ள அது நுழையவும் முடியாது. கண்ண மூடிட்டு துடுப்பு போட்ட எடுங்க. செலவும் கம்மி. போர்ட்ல ரேட் போட்டிருக்காங்க, நாங்க இன்னொரு ஜோடியோட சேந்துக்கிட்டோம், எங்க பங்கு இன்னும் கொறஞ்சுது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம், வேர்த்து ஊத்தும், பொறுத்துக்கணும்.

போட் ஓட்டுன அண்ணா ரொம்ப பேசல. கொஞ்ச தூரம் போனதும் சின்ன வாய்க்கால்ல திருப்பி "தலைய குனிங்க"ன்னாரு. அந்த குனிஞ்ச எடத்துல தாங்க எல்லாம் மாறுச்சு.

மேலேருந்து பாத்தப்ப தண்ணி மட்டும் தெரிஞ்ச எடத்துல இப்ப தலகீழா ஒரு காடே தெரியுது. சுரபுன்னைங்கற அலையாத்தி மரத்தோட வேர் வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள எறங்குது, அதே வேர் தண்ணிக்குள்ளேருந்து மேல ஏறி வர்ற மாதிரி நெழல், ரெண்டும் சேந்து முழு வட்டமா நிக்குது, எங்க வேர் முடியுது எங்க நெழல் ஆரம்பிக்குதுன்னே புரியல. இதுக்கு காரணம் சிம்பிள். தண்ணிய நேரா மேலேருந்து பாத்தா, மேல விழுற வெளிச்சத்துல சுமார் 2 சதவீதத்த தான் அது திருப்பி அனுப்பும், மிச்சம் உள்ள போயிரும், அதனால நமக்கு சேத்து கலர் தான் தெரியும். கண்ண தண்ணி மட்டத்துக்கு எறக்க எறக்க அந்த அளவு ஏறிட்டே போயி, கிட்டத்தட்ட தண்ணியோட படுத்துப் பாக்குற கோணத்துல பாதிக்கு மேல திரும்பி வரும். அதாவது தண்ணி அதே தண்ணி தான், டவர்ல நின்னா காபி, போட் ஓரத்துல தாடைய வெச்சா கண்ணாடி. என் கூட வந்த மச்சான் மட்டும் "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னுட்டே இருந்தான், பாத்தா போலராய்ட் கூலிங் கிளாஸ் போட்டிருக்கான், அது வேலையே தண்ணி மேல வர்ற பளபளப்ப வெட்டுறது தானே. கழட்டுடான்னு கழட்ட வெச்சேன், அப்புறம் பத்து நிமிஷம் அவன் வாயே தொறக்கல, அதுவே பெரிய அதிசயம்.

அடுத்து மேல பாருங்க. வெண்கண்டல்னு இன்னொரு மரம், அதோட எலைய மேலேருந்து பாத்தா சாதா பச்ச, அடியிலேருந்து பாத்தா வெள்ளி மாதிரி வெளுப்பு, ஏன்னா அடிப்பக்கம் பூரா பொடி ரோமம். அந்த வெளுப்புல தண்ணியில பட்டுத் தெறிக்குற வெயில் அலை அலையா ஓடிட்டே இருக்கு. போட் ஆடினா மேல எலையில வெளிச்சமும் ஆடுது. இத போட்டோவுல புடிக்க முடியாது, நான் எடுத்தது எல்லாமே குப்பை. அண்ணா ஒரு எலைய காட்டி "நக்கிப் பாருங்க, உப்பு கரிக்கும்"னாரு. நெசமாவே கரிக்குது. வேர் வழியா உள்ள வந்த உப்ப அந்த மரம் எலை வழியா வெளிய தள்ளிடுது. ஆனா கண்ட மரத்தையும் தொட்டு பாக்காதீங்க, தில்லை மரமும் இங்க இருக்கு, சிதம்பரம் கோயிலோட தலமரம் அது தான், அதோட பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்னு அண்ணா ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு.

சுரபுன்னையில முருங்கக்கா மாதிரி நீளமா தொங்குதே, அத காய்னு தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. அது கன்னு. வெதை மரத்துலயே மொளச்சு, வளந்து, அப்புறம் தான் கீழ விழும், சேத்துல குத்தி நின்னா அங்கயே வேர் விடும், தண்ணியில விழுந்தா மெதந்து போயி வேற எங்கயாவது கரை ஒதுங்கும். டவர்லேருந்து இதுல ஒண்ணு கூட கண்ணுல படல, எல்லாம் எலைக்கு கீழ தொங்குது.

நண்டு மேட்டர் தான் எனக்கு டாப். சேத்து மேட்டுல ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்குற சின்ன நண்டு நெறைய இருக்கும், பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும் தான். நாங்க எழுந்து நின்னு பாத்தா ஒரு நண்டு கூட இல்ல, வெறும் ஓட்டை. "உக்காருங்க, தலைய எறக்குங்க, ஆடாதீங்க"ன்னாரு அண்ணா. கொஞ்ச நேரத்துல ஒண்ணு எட்டிப் பாத்துச்சு, அப்புறம் நாலு, அப்புறம் மேடு முழுக்க. எல்லாம் கொடுக்க தூக்கி தூக்கி காட்டுது. அதோட கண்ணு காம்பு மேல நிக்குது, அந்தக் கண்ணு மட்டத்துக்கு மேல எது அசைஞ்சாலும் அதுக்கு எதிரி, மட்டத்துக்கு கீழ அசைஞ்சா அது இன்னொரு நண்டு. அதனால நின்னுட்டு பாக்குறவனுக்கு அது ஆயுசுக்கும் சரியா தெரியாது. தண்ணி வத்தி சேறு தெரியற நேரத்துல தான் இந்த கூத்து, தண்ணி ஏறியிருந்தா நண்டு கெடைக்காது, ஆனா மரத்துக்கு அடியில இன்னும் உள்ள போலாம். ரெண்டும் ஒண்ணா கெடைக்காது, உங்க அதிர்ஷ்டம்.

அதுக்காக மேலேருந்து பாக்கறதே வேஸ்ட்னு சொல்லல, டவர் உயரம் தான் வேஸ்ட். பாக்கணும்னா ஒரேடியா மேல போயிடணும். திரும்பி வரும்போது பஸ்ல மேப்ப சாட்டிலைட்ல போட்டு ஜூம் பண்ணேன். காட்டுல சில எடத்துல நடுவுல ஒரு கோடு, அதுலேருந்து ரெண்டு பக்கமும் சாய்வா சின்னச் சின்ன கோடு, மீன் முள்ளே தான். அது மனுஷன் வெட்டின வாய்க்கால். முன்னாடி காலத்துல பட்டா பட்டையா மரத்த மொத்தமா வெட்டிட்டாங்க, வெயில் பட்டு மண்ணு எறங்கி குழியாயி, தண்ணி தேங்கி வத்தி உப்பு ஏறி, ஒண்ணுமே மொளைக்காம கெடந்துச்சு. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேந்து இப்படி வாய்க்கால் வெட்டி கடல் தண்ணி தெனம் வந்து போற மாதிரி பண்ணாங்க, கன்னு நட்டாங்க, காடு திரும்பி வந்துடுச்சு. போட்ல போகும்போது இது வெறும் வாய்க்கா.

2022ல ராம்சர் லிஸ்ட்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட லிஸ்ட்ல வேற சேந்துருக்கு. அந்த ராம்சர் காட்டுல வேர்ல சிப்ஸ் பாக்கெட் மாட்டி தொங்குது. எடுத்துட்டு வந்த பாக்கெட்ட திருப்பி எடுத்துட்டு போக என்ன வலிக்குதோ தெரியல.

சாப்பாடு சொல்லாம முடிச்சா பாவம். காலையிலயே சிதம்பரத்துல இட்லியும் கொத்சும் சாப்டுட்டு கெளம்புங்க. கத்திரிக்காய மசிச்சு புளி விட்டு, மல்லி மொளகா வறுத்து பொடிச்சு போட்டு பண்றது, சாம்பார் பக்கமே போகாதீங்க. நான் இட்லிய விட்டுட்டு கொத்ச மட்டும் மூணாவது வாட்டி கேட்டேன், சப்ளையர் மொறச்சாரு, ஆனா ஊத்துனாரு. அதுக்கு எக்ஸ்ட்ரா காசும் வாங்கல, அதனால அந்த ஆட்டோக்காரர் சேத்த கெட்ட பேரு கொஞ்சம் சரியாச்சு.

மத்தபடி தொப்பி, தண்ணி, போனுக்கு பிளாஸ்டிக் கவர். காலையில சீக்கிரம் போங்க, வெயில் சாய்வா இருந்தா தான் மேல சொன்ன எல வெளிச்சம் நல்லா தெரியும், கூட்டமும் கம்மி. கேமராவுக்கு காச கொட்டாதீங்க. முக்கியமா போட்ல ஏறும்போதே முன்பக்க சீட்டு வேணும்னு கேட்டு வாங்கிடுங்க, பின்னாடி மாட்டினீங்கன்னா தாடைய எங்க வெச்சாலும் முன்னாடி இருக்கறவரோட லைஃப் ஜாக்கெட் தான் தெரியும்.