கண்டன்சர் ஃபேனா சார் கேக்குறீங்க?

போன வாரம் ஆபீஸில் ஒரு தம்பி புது போனைக் கொண்டுவந்து காட்டினான். புத்தகம் மாதிரி மடக்கலாம், விரிக்கலாம். நானும் வாங்கி ரெண்டு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பாதி டீயில்தான் உறைத்தது, விலையைக்கூடக் கேட்கவில்லை. சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு பென்டிரைவாவது இல்லாமல் வீடு திரும்பாத ஆள் நான்.

வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் போன மாதம் ஹாலில் இருக்கும் பழைய ஃபேன் 5-ல் வைத்தாலும் ஏதோ கடனுக்குச் சுற்றுவது போலச் சுற்றியபோது, தெருமுனைக் கடையில் 2.5 மைக்ரோஃபேரட் கண்டன்சர் ஒன்று வாங்கி வந்து, மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி ரெண்டு ஒயரை மாற்றி மாட்டினேன். 60 ரூபாய், கால் மணி நேரம். சுவிட்சைப் போட்டதும் காலண்டர் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றைக்கு முழுக்க வீட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போ ஆர்வம் செத்துப்போகவில்லை, வேறு எங்கேயோ இருக்கிறது.

படுக்கையறை ஃபேன் கதை வேறு. நாலு வருஷம் முன்னால் ஆசைப்பட்டு வாங்கிய பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் கம்மியாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன், ரிமோட்டோடு வந்தது. போன மே மாதம், சரியாகக் கத்திரி வெயிலில், நடுராத்திரியில் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து மேல் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார், போர்டு போயிடுச்சு" என்றார். சரி, போர்டு மாற்றலாமே என்று சர்வீஸ் நம்பருக்குப் போட்டால், அந்த மாடல் இப்போது வருவதில்லையாம், அதனால் போர்டும் இல்லையாம், புதுசு வாங்கினால் தள்ளுபடி தருவார்களாம். "வேற கம்பெனி போர்டு போட்டுப் பாக்கலாம், ஆனா கேரண்டி சொல்ல முடியாது" என்று எலக்ட்ரீஷியனும் கையை விரித்துவிட்டார். இறக்கை மூன்றும் நன்றாக இருக்கிறது, காயில் கருகவில்லை, பேரிங் சத்தம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு இல்லாததால் மொத்தமும் பரணுக்குப் போனது.

அந்தத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஃபேன் 75 வாட் தின்னும், இது முப்பது வாட் சுமாருக்கு அதே காற்றைத் தருகிறது. தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13 யூனிட் மிச்சம், சின்ன விஷயமில்லை. பழைய ஃபேன் மோட்டார் வீட்டுக் கரண்டிலேயே நேராக ஓடிவிடும், அது சுற்றக் கொஞ்சம் கைகொடுப்பதுதான் கண்டன்சர் வேலை. பிஎல்டிசியில் கரண்டை டிசியாக மாற்றி, எந்தக் காயிலுக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதெல்லாம் போர்டுதான், அது இல்லாமல் மோட்டார் வெறும் பொம்மை. அது தவிர்க்க முடியாதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும் அதே 2.5 கண்டன்சர் கிடைக்கிறதே, அது மாதிரி போர்டுக்கும் ஒரு பொது அளவு வைக்க முடியாதா என்ன? நோக்கியா 1100-ல் இருந்த பிஎல்-5சி பேட்டரி பின்னால் சீன ரேடியோ வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டதே.

2023 ஜனவரியிலிருந்து நம் ஊரில் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். கரண்ட் எவ்வளவு மிச்சம் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிப்பேர் ஆனால் பாகம் கிடைக்குமா என்பதை லேபிள் சொல்லாது. பிரான்ஸில் 2021 ஜனவரியிலேயே போன், லேப்டாப், டிவி போன்றவற்றின் மேல் பத்துக்கு எத்தனை என்று ரிப்பேர் மார்க் போட வைத்துவிட்டார்கள், பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், என்ன விலை, கழற்றுவது எளிதா என்றெல்லாம் பார்த்துப் போடும் மார்க். இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் என்று ஒரு இணையதளம் திறந்தது. கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம், நல்லதுதான், ஆனால் கடையில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒரு நம்பர் போதும்.

என் சின்ன வயசில் தெருவில் "அம்மி கொத்தலையோ அம்மீ" என்று உளியோடு ஒருவர் வருவார். தேய்ந்த கல்லையே கொத்திக் கொடுத்து இன்னும் சில காலம் ஓட்ட வைத்த ஊர் இது. அம்மாவின் மிக்ஸியும் கார்பன், கப்ளர் மாற்றியே இருபது வருஷம் தாண்டிவிட்டது.

படுக்கையறைக்கு ஃபேன் வாங்கக் கடைக்குப் போனேன். வைஃபை, ஆப், வாய்ஸ் என்று அந்தப் பையன் அடுக்கிக்கொண்டே போனான். "இதுக்கு போர்டு தனியா கிடைக்குமாப்பா?" என்றேன். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "வாரண்டி இருக்கு சார்" என்றான். நான் கேட்டது அதுவா? சாதா ஃபேன் எடு என்றதும், "கண்டன்சர் ஃபேனா சார் கேக்குறீங்க?" என்று ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்.

கரண்ட் பில்லில் அந்த 13 யூனிட் உறுத்துகிறது. பரணில் கிடப்பதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி வீட்டம்மா மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறார், என்றைக்காவது போர்டு கிடைக்கும் என்று நானும் தள்ளிப்போடுகிறேன். ரிமோட்டில் இருந்த ரெண்டு பேட்டரியையும் மட்டும் எடுத்து டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டேன்.