அக்குள் வியர்வையும் ஓர் அறிவியல் ஆசிரியையும்

மார்ச் 4
தரம் 9 வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியை எழுத வேண்டியிருந்தபோது, வலக்கையை உயர்த்தத் துணியாமல், உயரமான மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். முதலாம் பாடவேளை முடியுமுன்னரே சேலைச் சட்டையின் அக்குளில் உள்ளங்கையளவு ஈரம் பரவிவிடுகிறது. கிளிநொச்சி வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது என்கிறார் அம்மா. மார்கழி மழையிலும் மின்விசிறிக்குக் கீழும் வியர்ப்பதற்கு வெயில் என்ன செய்யும்?

மார்ச் 11
கிளினிக்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். எந்த வயதில் தொடங்கியது, இரு பக்கமும் ஒரேயளவா, நித்திரையில் வியர்க்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று வைத்தியர் கேட்டார். பதினைந்து வயதிலிருந்து, இரு பக்கமும், நித்திரையில் இல்லை, அப்பாவுக்கும் இருந்தது என்றேன். "சுரப்பியில பிழையில்லை ரீச்சர், நரம்புதான் அதைக் கூடத் தூண்டுது" என்றார். இரவில் படுக்கை நனைய வியர்த்திருந்தால் காசநோய் போன்றவற்றைத் தேடியிருப்பாராம். எனக்குத் தைரொயிட்டுக்கும் நீரிழிவுக்கும் மட்டும் இரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 19
இரத்தத்தில் குறையொன்றுமில்லை. துண்டில் எழுதப்பட்டிருந்தது 20 சதவீத அலுமினியம் குளோரைட்டுக் கரைசல். சென்ற வருடம் இதையே வாங்கி, காலையில் குளித்த கையோடு பூசி, எரிச்சல் தாங்காமல் எறிந்தவள் நான். ஈரத்தோடு சேர்ந்தால் அந்த அலுமினிய உப்பிலிருந்து ஐதரோகுளோரிக் அமிலம் உண்டாகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, என் தோலில் அது நினைவுக்கு வராமல் போனது வெட்கம்தான். வியர்வை அடங்கியிருக்கும் இரவில், நன்றாக உலர்ந்த தோலில், சவரம் செய்த நாளைத் தவிர்த்துப் பூசினால், உப்பு வியர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைத்துக்கொள்ளும், காலையில் கழுவிவிடலாம்.

ஏப்ரல் 3
ஈரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அரிப்புக்கு 1 சதவீத ஐதரோகோட்டிசோன் பூசிக்கொண்டு, ஒன்றுவிட்ட இரவுகளில் தொடர்கிறேன். இது போதாவிட்டால் என்ன வழி என்று கேட்டேன். பொட்டுலினம் நச்சை ஒவ்வோர் அக்குளிலும் ஏறத்தாழ 50 அலகு வீதம், பத்துப் பதினைந்து இடங்களில் சிறு ஊசிகளாகப் போட்டால், நரம்பு முனையிலிருந்து, சுரப்பியைத் தூண்டும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிவருவது தடைப்பட்டு, ஆறு மாதமளவில் வியர்வை நின்றிருக்கும்; பிறகு மறுபடியும் போட வேண்டும். அமெரிக்காவில் 2004 இலேயே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. எந்த இடத்தில் அதிகம் வியர்க்கிறது என்று பார்க்க அயடீன் பூசி மாப்பொருள் தூவுவார்கள். வியர்த்த இடம் கருநீலமாகும். மைனர் என்பவர் 1928 இல் எழுதிய முறையாம். நான் வருடந்தோறும் மரவள்ளிக்கிழங்குத் துண்டில் காட்டும் அதே நிறம்!

வியர்வைக்கு விழுங்கக் கொடுக்கும் ஒக்சிபியூற்றினின் குளிசையை நானே வேண்டாமென்றேன். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் ஒருபுறமிருக்க, அது உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கிறது. வன்னி வெயிலில் வயலில் நிற்கும் ஒருவருக்கு உடலின் சூட்டைத் தணிப்பதே அந்த வியர்வைதான். நெஞ்சுக்குள், வியர்வையைத் தூண்டும் பரிவு நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சையோ, அக்குளில் அடைத்த வியர்வையை முதுகிலும் வயிற்றிலும் திறந்துவிடக்கூடியது. அக்குளுக்காக மட்டும் அதைச் செய்வதில்லை என்று வைத்தியரும் சொன்னார்.

மே 20
இப்போது கிழமைக்கு இரண்டு இரவுகள் போதும். இளநீலத் துணியொன்றைச் சட்டை தைக்கக் கொடுத்தேன். அக்குளுக்குள் இரட்டைத் துணி வைக்கவா என்று தையல்கார அக்கா வழமைபோலக் கேட்டார். இந்த முறையும் வைக்கச் சொல்லிவிட்டேன்.