8-7, 40-15
இன்று மறுபடியும் பார்த்துவிட்டேன். 2019 விம்பிள்டன் டென்னிஸ் இறுதி ஆட்டம், ஃபெடரருக்கும் ஜோகோவிச்சுக்கும். ஐந்தாவது செட், 8-7, 40-15. சர்வ் ஃபெடரர் கையில். அடுத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றை எடுத்தாலே கோப்பை அவருக்கு.

அரங்கில் ஒரு ரசிகை ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார். இன்னும் ஒரே ஒரு புள்ளி!

முடிவு தெரிந்தும், அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

இரண்டு வாய்ப்புகளும் நழுவின. 4 மணி 57 நிமிடம் ஆடிய பிறகு கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் 218-204, ஃபெடரர்தான் அதிகம். வயிற்றெரிச்சலுக்கு வேறென்ன வேண்டும்?

ஜோகோவிச்சை ஆண்டுக்கணக்கில் திட்டித் தீர்த்தேன். ஆனால் 2025 பிரெஞ்சு ஓபனில், கோப்பையை வெல்ல சின்னருக்குக் கிடைத்த மூன்று சாம்பியன்ஷிப் புள்ளி வாய்ப்புகளையும் அல்கராஸ் தட்டிப் பறித்தபோது துள்ளிக் குதித்தவனும் நானேதான்.

சின்னரின் ரசிகர் யாராவது அப்போது விரலை உயர்த்தியிருந்தாரோ என்று இன்றுதான் தோன்றுகிறது.