தண்ணிமலைக்குப் போகுமுன் போடும் கணக்கு

பினாங்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கோயிலைச் சொல்வார்கள். ஒருவருக்கு 513 படி. இன்னொருவருக்கு வெள்ளி ரதம். மற்றொருவருக்குக் கார் நிறுத்த இடம் தேடி அலைந்ததுதான் மிச்சம். வீட்டில் போட்ட கணக்கு எப்படியோ, மனசில் தங்குவதும் அப்படி.

பினாங்கு ஹில், கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணிமலை என மூன்றையும் ஒரே நாளில் திணிப்பவர்கள் கோயிலுக்கு வந்து சேரும்போது உச்சிவெயில் ஆகிவிடும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்ற பதற்றத்தில் ஓட்டமாக ஏறி, கும்பிட்டு, படம் எடுத்து இறங்குவார்கள். பாதிப் படியில் நின்று ஊரையும் கடலையும் பார்த்தவர்கள் அவர்களில் குறைவு. மலைக்கோயிலுக்கு ஒரு காலைப்பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். ஜார்ஜ் டவுன் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து 10ஆம் எண் பஸ் தாவரவியல் பூங்கா இருக்கும் பூமலை பக்கம் போகிறது. வெறுங்காலோடு ஏறுவதாக இருந்தால் விடிந்ததும் ஏறுவது நல்லது, வெயில் ஏறினால் படி சுடும்.

நேர்த்திக்கடன் வைத்துப் போகிறவர்களுக்கு ஞாபகமெல்லாம் பால்குடத்திலேயே இருக்கும். குடத்தில் முக்கால் அளவுதான் பால் ஊற்ற வேண்டும். வாயை வாழையிலையால் மூடி, அதன் மேல் மஞ்சள் துணியைப் போட்டு, கழுத்தோடு இரண்டு சுற்று இறுக்கிக் கட்ட வேண்டும். நிரம்ப ஊற்றினால் ஒவ்வொரு படிக்கும் தளும்பும்; சிந்திய பாலில் பின்னால் வருபவர் வழுக்குவார். குளிர்ந்த பாலைப் புறப்படும் நேரத்தில் ஊற்றுங்கள். முதல்நாள் இரவே ஊற்றி வைத்தால் வரிசையில் நிற்கும்போதே திரிந்துவிடும். அப்புறம் அந்த வருஷத் தைப்பூசம் என்றாலே திரிந்த பால்தான் நினைவுக்கு வரும்!

தைப்பூசத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் அதிகம் ஏமாறுவது ரதத்தில்தான். வெள்ளி ரதம் பூசத்துக்கு முதல்நாள் காலையே லெபு பினாங்கு தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்து கிளம்பிவிடுகிறது. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு, சிதறு தேங்காய். தூரம் கொஞ்சம்தான், ஆனாலும் போய்ச்சேர நள்ளிரவு ஆகும். அது போய் நிற்பது ஜாலான் கெபுன் பூங்காவில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில். மலையடிவாரத்தில் காத்திருந்து அதைத் தேடுவதில் பயனில்லை. 2017 முதல் தங்க ரதமும் ஓடுவதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

தேங்காய் உடைப்பதைப் பார்க்க வந்தால் முதல்நாள் காலை லிட்டில் இந்தியாவில் நில்லுங்கள். காவடிதான் முக்கியம் என்றால் பூசத்தன்று விடியற்காலையில் மலையடிவாரம். இரண்டும் வேண்டுமென்று ஒரே நாளில் அலைந்தால் கூட்டத்தில் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். ரதம் திரும்புவது பூசத்துக்கு மறுநாள். கோலாலம்பூர் பஸ்ஸுக்கு அதற்கும் அடுத்த நாள் டிக்கெட் எடுப்பது நல்லது.