வீட்டை விற்க டைல்ஸ் போட்ட கதை

மதுரையில் அப்பா கட்டிய வீட்டை ஒருவழியாக விற்றுப் பத்திரமும் முடித்தாயிற்று. வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கம் எல்லாம் பெரிய அலைச்சல் இல்லாமல் வந்துவிட்டன. என்னைப் படுத்தி எடுத்தது தரை. வெறும் தரை!

1988-இல் கட்டிய வீடு. சமையலறையில் மொசைக், மற்ற இடமெல்லாம் சிவப்பு ஆக்சைடு, அதாவது சிவப்புச் சாயம் கலந்து தேய்த்த சிமெண்ட் தரை. அம்மா இருந்தவரை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வழவழவென்று வைத்திருந்தார். மூன்று வருடம் பூட்டிக் கிடந்ததில் மங்கிப்போய், கூடத்தின் நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பும் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் புரோக்கர் ஆரம்பித்தார்.

"அண்ணே, தரையைப் பார்த்தாலே பழைய வீடுன்னு முகத்துல அடிக்குது. டைல்ஸ் ஒட்டிருங்க, மூணு லட்சம் கூட வாங்கித் தரேன்."

"எதுக்குடா இந்த வேலை? வாங்குறவங்க அவங்களுக்குப் பிடிச்சதைப் போட்டுக்குவாங்க" என்று அக்கா ஃபோனில் சொன்னாள். கேட்டிருக்கலாம். மூன்று லட்சம் காதில் விழுந்த பிறகு அக்கா குரல் எங்கே கேட்கும்?

இரண்டுக்கு இரண்டு அளவில் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் எடுத்தேன். பெட்டிக்கு நான்கு கல், ஏறக்குறைய 15.5 சதுர அடி. மேஸ்திரி 960 சதுர அடி என்று அளந்து 62 பெட்டி போதும் என்றார். சுவர் ஓரத்தில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்கையும், வெட்டும்போது வீணாவதையும் அவரும் கணக்கில் சேர்க்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசி அறைக்கு வந்தபோது ஏழு பெட்டி குறைந்தது. கடைக்கு ஓடினால் அதே டிசைன், அதே பெயர், ஆனால் வேறு பேட்ச், அதாவது வேறொரு தடவை தயாரித்தது. வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பால், இன்னொன்று டிகாக்‌ஷன் ரெண்டு சொட்டு விழுந்த பால். பெட்டியின் மேலேயே பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சடித்திருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், முதலிலேயே பத்து சதவீதம் கூட எடுங்கள். நான் வெறுத்துப்போய் அந்தச் சின்ன அறையை அப்படியே விட்டுவிட்டேன். இதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய தரையின் மேலேயே ஒட்டினால் மட்டம் அரை அங்குலமாவது உயரும் என்பது, கதவுகள் திறக்காமல் போனபோதுதான் உறைத்தது. அப்பா பார்த்துப் பார்த்துச் செய்த தேக்குக் கதவு உட்பட எல்லாவற்றையும் அடியில் சீவ வேண்டியதாயிற்று. சமையலறை மொசைக்கைத் தொடாததால் அதன் வாசலில் ஒரு குட்டிப் படி உருவாகிவிட்டது. வீடு பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே தடுக்கினார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய கோளாறு உள்ளே இருந்தது. ஆக்சைடு தரை வழவழப்பானது. அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கினால்தான் மேலே எதுவும் பிடிக்கும். விட்ரிஃபைடு கல்லும் தண்ணீரை உறிஞ்சாது என்றே சொல்லலாம், அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது, டைல் பசைதான் வேண்டும். பசை வாங்கிக் கொடுத்தேன். மேஸ்திரி கூடத்தை ஒழுங்காகக் கொத்தினார். பெரிய அறையைக் கொத்தவே இல்லை. நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வாட்ஸ்அப் வீடியோவில் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் தன் அப்பாவையும் கூட்டி வந்தார். பெரியவர் எதுவும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, குனிந்து கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். பெரிய அறையில் 'டொக் டொக்' என்று, கல் அடியில் பிடிக்காமல் உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாள் நான்கு லட்சம் குறைத்துக் கேட்டார்கள். தரையில் ஏமாற்றியவன் வேறு எதில் ஏமாற்றியிருப்பானோ என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அடுத்து பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி, புரோக்கரிடம் இருந்த பழைய படங்களைப் பார்த்து வந்தவர்கள். "அந்த ரெட் ஆக்சைடு எங்க சார்?" என்றார்கள். "அடியிலதான் இருக்கு" என்றேன். அதைச் சரியாகத் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது கிடைப்பதே கஷ்டமாம். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவர்தான் வாங்கினார். அவருடைய வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் வந்தார். மனை அளவு, ரோட்டு அகலம், பிளான் அப்ரூவல், கட்டிய வருடம் எல்லாம் குறித்தார். தரைக்கு ஒரே வார்த்தை: விட்ரிஃபைடு. எனக்குப் பொறுக்கவில்லை, இதற்கு எவ்வளவு சேரும் என்று கேட்டேன். மனைக்குச் சந்தை விலை, கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டு வயதுக்குத் தகுந்த தேய்மானத்தைக் கழிப்போம் என்றவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "தரையைப் புதுசாப் போட்டா கட்டடத்துக்கு வயசு குறையாது சார்."

அடுக்குமாடி என்றால் கதை வேறாக இருக்கலாம். ஒரே கட்டடத்தில் ஒரே அளவில் நான்கு வீடு விற்பனைக்கு இருந்தால், சீக்கிரம் போவது தரை நன்றாக இருக்கும் வீடுதான். ஊருக்குள் இருக்கும் தனி வீட்டில் விலை பேசுவது மனை.

வாங்கியவர் கடைசிப் பேச்சில் ஒரு குண்டு போட்டார். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டில் கையால் செய்யும் பூ டைல்ஸ்) போடப் போகிறாராம், இந்த டைல்ஸை உடைத்து அள்ளிக் கொட்ட ஒரு லட்சம் குறைக்க வேண்டுமாம். நான் செலவு செய்து போட்டதை உடைக்கவும் நானே காசு தர வேண்டும்! இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி முப்பதாயிரத்தில் நிறுத்தினேன். அதற்குக் கைகொடுத்தது அந்தச் சின்ன அறை. டைல்ஸ் போதாமல் விட்டதை, ஒருவரை வைத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மெழுகு பாலிஷ் போட்டிருந்தேன். மொத்தச் செலவு 4,500 ரூபாய். அவர் மனைவி அந்த அறையில்தான் ரொம்ப நேரம் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று ஆடிட்டரிடம் போனால் அங்கே ஒரு அடி. டைல்ஸ், கூலி, கதவு, பெயிண்ட் டச்சப் என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் செலவு. வெறும் பழுது பார்த்ததாக இல்லாமல் மேம்பாட்டுச் செலவு என்று காட்ட முடிந்தால் மூலதன ஆதாயத்தில், அதாவது வீடு விற்றதில் வரி போடும் லாபத்தில், கழித்துப் பார்க்கலாம், பில்லைக் கொடுங்கள் என்றார். பில்லா? 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டுச் சீட்டில் வாங்கியவன் நான். மேஸ்திரிக்கும் ரொக்கம். மிச்சம் பிடித்தது எட்டாயிரத்துச் சொச்சம். பில் இல்லாமல் அந்தச் செலவைக் கழிக்க முடியாததால் 12.5 சதவீத வரியில் போனது பதினேழாயிரத்து ஐநூறு. அக்காவிடம் இந்தக் கணக்கை இன்னும் சொல்லவில்லை.

புரோக்கர் கமிஷன் வாங்க வந்தபோது அந்த மூன்று லட்சத்தைப் பற்றிக் கேட்டேன். "மார்க்கெட் கொஞ்சம் டல்லுண்ணே" என்றார். கே.கே. நகரில் இன்னொரு பழைய வீடு கைக்கு வந்திருக்கிறதாம். அங்கேயும் சிவப்புத் தரைதானாம், டைல்ஸ் போடச் சொல்லியிருக்கிறாராம்.